தண்ணீர்ப் பை வாங்கிய இடம்

கண்டிக் கடைத்தெருவில் ஒரு தோல் கடை வாசலில் நிற்கிறேன். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அரிசி ஏற்றிய வண்டியில் என் மனைவி காய்ச்சலோடு படுத்திருக்கிறாள். தெல்தோட்டைக் காப்பித் தோட்டத்துக்கு இன்னும் ஒன்றரை நாள் ஏற்றம். வழி ஓடைகளில் குடித்தவர்களுக்குப் பேதி கண்டிருக்கிறதாம். கொண்டுவந்த தண்ணீர்ப் பானையோ காலையில் உடைந்துபோனது.

வண்டிச் சட்டத்தின் கீழே கட்ட வாகாக ஒரு புதுத் தோல்பையைத் தெரிந்தெடுக்கிறேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர்; நானா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவர் சிரிக்கிறார்.

"புதுத் தோலுங்க. மூணு நாள் ஊறப்போடாம தண்ணி ஊத்தினா வாயில வைக்க ஏலாது. நான் பயணத்துக்குக் கொண்டுபோற பை இருக்கு, அதக் கொண்டுபோங்க. மாட்டுத்தோல் இல்ல, ஆட்டுத்தோல்தான், பயப்படாதீங்க."

அவர் பையை நீட்டுகிறார். என் கை நீளவில்லை. திருநீறு பூசிய நெற்றியோடு, பிறர் வாய்பட்ட பையில் எப்படிக் குடிப்பது? முருகா, முருகா என்று முனகிக்கொண்டு நிற்கிறேன். எங்களோடு வந்து முன்னால் நின்ற வண்டிகள் அம்பிட்டிய பக்கம் நகரத் தொடங்கிவிட்டன.

வண்டிக்குள்ளிருந்து என் மனைவி தலையைத் தூக்குகிறாள்.

"அங்க என்ன பொண்ணா பாக்குறீங்க? முருகன் கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன். பைய வாங்குங்க."

நானா சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் வீட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை அதில் நிரப்பித் தருகிறார்.

முதலில் நான் ஒரு வாய் குடித்துப் பார்க்கிறேன். வாடை இல்லை. பிறகுதான் அவள் வாயில் ஊற்றுகிறேன்.