அம்மா சுட்ட ஐந்து குண்டுகள்

என் அம்மா துப்பாக்கி சுடுகிறவர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தபோது எனக்குப் பத்து வயது. அந்த வயதில் பெருமையடிக்க ஆளுக்கொன்று வேண்டும். ஒருத்தியிடம் நாய்க்குட்டி இருந்தது. இன்னொருத்திக்குக் கனடாவில் பெரியப்பா இருந்தார். என்னிடம் அம்மா இருந்தார், கூடவே தாராளமாக வாய்க்கொழுப்பும் இருந்தது.

அப்போது நாங்கள் ஜெர்மன் கதைக்கிற பக்கத்தில், ஊஸ்டர் என்ற ஊரில் குடியிருந்தோம். அப்பா ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். அம்மா அலுவலகங்களைத் துப்புரவாக்கினார். சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே காட்டோரமாக இருந்த சுடுகழகத்தைக் கூட்டித் துடைப்பதும் அவர் வேலைதான். இந்த நாட்டில் சின்ன ஊருக்கும் ஒரு சுடுகழகம் இருக்கும். வயதானவர்கள் வந்து சுடுவார்கள், சுட்ட களைப்புக்குக் கோப்பி குடிப்பார்கள், மேசையெல்லாம் சிந்திவிட்டுப் போவார்கள். அதைத் துடைக்க அம்மா.

கழகத் தலைவர் எழுபது தாண்டிய மனிதர். ஒரு சனிக்கிழமை அவர் காற்றுத் துப்பாக்கியொன்றை அம்மாவிடம் நீட்டி, நீங்களும் ஒருதடவை சுட்டுப் பாருங்கள் என்றாராம். அம்மா சிரித்து மழுப்பினார். அடுத்த சனியும் நீட்டினார். மூன்றாவது சனி அம்மா கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அதை வாங்கினார். வெடிமருந்தால் சுடுகிற துப்பாக்கியை இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் இங்கே சுடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. காற்றுத் துப்பாக்கிக்கு அந்தத் தடை இல்லை என்று தலைவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துப் பார்த்துச் சொன்னார். பத்து மீற்றர் தூரத்தில் உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டை. நடுவில் கறுப்பு வட்டம். அதன் நட்டநடுவில் பட்டால் பத்துப் புள்ளி. ஒரு குண்டு துளைத்தால் மிளகளவுக்குத்தான் ஓட்டை விழும்.

ஒரு வருடத்துக்குள் அம்மாவுக்கு அது பைத்தியமாகவே ஆகிவிட்டது. யாரோ கழித்துவிட்ட சுடும் மேற்சட்டையொன்றைத் தலைவர் கொடுத்தார். பலகை மாதிரி விறைப்பான சட்டை. அதைச் சுடிதாருக்கு மேலே போட்டுக்கொண்டு, பொட்டும் வைத்துக்கொண்டு அம்மா நிற்கிறபோது பார்க்கச் சிரிப்பு வரும். சுடத் தொடங்கினால் வராது. சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு நிதானம். வீட்டில் பால் பொங்கினால் பதறியடித்து ஓடுகிற அம்மா அங்கே நிற்கிறவர் இல்லை. தேத்தண்ணி குடித்தால் நாடி துடிக்கும், கை அசையும் என்று சனிக்கிழமைகளில் தேத்தண்ணியையே விட்டுவிட்டார். உறவுக்காரர்கள் அதைச் சனி விரதம் என்று நினைத்தார்கள். எங்கள் அத்தை ஒருவர் எள்ளெண்ணெய்ப் போத்தல்கூட வாங்கி வந்து தந்தார். அம்மா மறுபேச்சில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

இந்த நிலையில்தான் நான் வாயைத் திறந்தேன்.

புதன்கிழமை பின்னேரங்களில் தமிழ் வகுப்பு. அம்மாவைப் பற்றி ஐந்து வசனம் சொல்லுங்கள் என்றார் ரீச்சர். எல்லோருடைய அம்மாவும் அன்பானவர், நன்றாகச் சமைப்பார். என் முறை வந்தது. "என் அம்மா துப்பாக்கி சுடுவார். பத்துக்குப் பத்து எடுப்பார். சுடும்போது அம்மாவின் கை நடுங்காது" என்றேன். ரீச்சர் நான்காவது வசனத்துக்குக் காத்திராமல் என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டார். எனக்கு நல்ல புள்ளி கிடைத்தது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனபோது கதை எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. ஆட்கள் அம்மாவுக்கு வழி விட்டார்கள். அம்மாவைவிட மூத்த பெண்ணொருவர் எழுந்து கதிரை தந்து "இருங்கோ அக்கா" என்றார். தமிழ்க் கடைக்காரர் நல்ல முருங்கைக்காயாகத் தேடிப் பொறுக்கித் தந்தார். வேறு சிலர் அம்மா வந்தால் பேச்சை மாற்றினார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். நான் சொன்ன மூன்று வசனத்துக்கு இத்தனை மரியாதையா!

அம்மாவுக்கு விசயம் விளங்க ஒரு வாரம் எடுத்தது. எள்ளெண்ணெய் தந்த அதே அத்தைதான் வந்து குசுகுசுத்தார்.

"நீர் இயக்கத்திலை இருந்தனீர் எண்டு எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே?"

"ஐயோ மச்சாள், நான் இஞ்சைதான் பழகினனான். கூட்டித் துடைக்கிற இடத்திலை."

"ஓம், ஓம். சொல்லக்கூடாதுதானே."

உண்மை இதுதான். அம்மாவின் அப்பா அவரைப் பதினேழு வயதில் லொறியொன்றில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பியதே சண்டைக்கு ஆள் சேர்த்த இயக்கம் பிள்ளையைக் கொண்டுபோய்விடும் என்ற பயத்தில்தான். நாலு வருடம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குள் அடைந்து கிடந்து தையல் தைத்த ஆள் அம்மா. துப்பாக்கியை முதன்முதல் கையால் தொட்டது ஊஸ்டரில். இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரு துப்புரவுக்காரி ஒரு வருடத்தில் இப்படிச் சுடுவாளா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். அம்மா எவ்வளவுக்கு மறுத்தாரோ அவ்வளவுக்குக் கதை உறுதியாகிக்கொண்டு போனது.

அதையும் அம்மா தாங்கியிருப்பார். பிறகுதான் அந்த ஐயா வந்தார்.

ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்கிற மனிதர், கோயிலில் கண்ட முகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சப்பாத்தை வெளியே ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். எனக்கு ஒரு சொக்கிலேற் தந்தார். பொலித்தீன் உறைக்குள் இருந்து ஒரு படத்தை எடுத்தார். பள்ளிக்கூட வெள்ளை உடுப்பில் இரட்டைப் பின்னல் போட்ட ஓர் அக்கா.

"என்ரை மகள். பள்ளிக்கூடத்தாலை வரேக்கை கொண்டுபோனவங்கள். ஒருக்கா வடிவாப் பாருங்கோ பிள்ளை. உங்களோடை நிண்டிருப்பா."

அம்மா தான் இயக்கத்தில் இருக்கவேயில்லை என்று சொன்னார். சாமிப்படத்தைக் காட்டிச் சத்தியம் பண்ணினார். ஐயா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் ஆருக்கும் மூச்சு விடமாட்டன். நீங்கள் வாய் திறக்க வேண்டாம் பிள்ளை. உயிரோடை இருக்கிறா எண்டால் தலையை ஆட்டுங்கோ. இல்லையெண்டால் இல்லையெண்டு ஆட்டுங்கோ. அது காணும் எனக்கு."

 மேலும் கீழும் ஆட்டினால் பச்சைப் பொய். இடம் வலமாக ஆட்டினால் அவர் மகளைத் தானே கொன்றதாகிவிடும். கழுத்து மரத்த மாதிரி நின்ற அம்மாவை நான் சொக்கிலேற்றைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தேன். ஐயா படத்தைத் திரும்ப உறைக்குள் வைத்து, பிறகு வாறன் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே வந்தார். நான்கு ஞாயிறு தொடர்ந்து வந்தார். ஒவ்வொரு முறையும் எனக்குச் சொக்கிலேற் கிடைத்ததால் அவர் வருவது எனக்குப் பிடித்திருந்தது.

நாலாவது ஞாயிறுக்குப் பிறகு அம்மா சுடுவதை நிறுத்தினார். சனிக்கிழமை காலையில் கூட்டித் துடைத்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தார்.

அப்பாவின் கூட்டாளி ஒருவர் மேற்கே, பிரெஞ்சு கதைக்கிற மாகாணத்தில், லோசானில் இருந்தார். அங்கே ஒரு சமையலறையில் வேலை இருக்கிறது, வா என்று இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மொழி யாருக்கு வரும் என்று அப்பா தட்டிக் கழித்துவந்தார். இப்போது அம்மாவே போவோம் என்றார். அங்கை எங்களை ஆருக்கும் தெரியாது என்று அம்மா சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். தெரிந்தவர் இல்லாத ஊருக்குப் போவதில் என்ன சந்தோசம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நான் அழுது பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

கழகத் தலைவர் லோசானில் இருந்த ஒரு கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். அம்மா அதைக் கடவுச்சீட்டுகளோடு சேர்த்து வைத்துக்கொண்டார். விறைத்த சட்டை எந்தப் பெட்டிக்குள்ளும் மடங்க மறுத்ததால் ரெயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். அப்பா ஜன்னல் பக்கம் இருந்து பிரெஞ்சில் ஒன்று இரண்டு எண்ணிப் பழகினார். இந்தச் சனங்கள் எழுதிறது ஒண்டு, வாசிக்கிறது வேறொண்டெல்லோ என்று திட்டினார். பேர்னைத் தாண்டியதும் அம்மா சிரித்தார். பல மாதத்துக்குப் பிறகு சிரித்தார்.

லோசானில் அந்தக் கழகம் மேட்டில், பஸ் ஏறிப் போகவேண்டிய இடத்தில் இருந்தது. அதன் தலைவி நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண், எல்லோருக்கும் மதாம். கழகத்தின் திறந்த நாளில் புதியவர்கள் ஐந்து குண்டு சுட்டுக் காட்டவேண்டும், சரியாக வந்தால் குளிர்காலப் போட்டிக் குழுவில் இடம் என்றார். அம்மா திரும்பவும் சனிக்கிழமைத் தேத்தண்ணியை விட்டார். வரவேற்பறையில் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் தும்புத்தடியை ஏந்தி, சுவரில் ஒட்டிய புள்ளியைப் பார்த்தபடி நின்று பழகினார். யாரும் எதுவும் கேட்காத ஓர் இடத்தில் நின்று சுடவேண்டும், அம்மாவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தெரிந்தும் என்ன? புது வகுப்பில் என்னைத் தவிர ஒரேயொரு தமிழ்ப் பிள்ளை. அவளுடைய அப்பா புதுக் கார் வாங்கியிருந்தார். இருக்கை சூடாகுமாம். காலையில் சொன்னாள், இடைவேளையில் சொன்னாள், பின்னேரமும் சொன்னாள். எத்தனை தரம்தான் கேட்பது! என் அம்மா துப்பாக்கி சுடுவார், வேண்டுமென்றால் வந்து பார் என்று திறந்த நாளின் திகதியையும் சொல்லிவிட்டேன்.

வந்தார்கள். குடும்பமாக, அலுமினியத் தாளில் சுற்றிய, வீட்டில் பொரித்த ரோல்ஸோடு. அம்மா சட்டையைப் பூட்டிக்கொண்டு நிற்கிறபோது அந்தப் பிள்ளையின் தாய் முகம் மலர வந்து கையைப் பிடித்தார்.

"உங்களைப் பற்றி மகள் சொன்னவ. கேள்விப்பட்டவுடனை எங்கடை அண்ணையையும் கூட்டிக்கொண்டு வந்தனாங்கள். அவருக்கு உங்களிட்டை ஒரு விசயம் கேக்கோணுமாம்."

அந்த அண்ணை பின்னால் நின்றார். அம்மாவைப் பார்த்துத் தலையைக் குனிந்து வணக்கம் சொன்னார். அவர் கையில் ஒரு கடித உறை இருந்தது.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு இன்றைக்கு நினைவிருந்திராது. சுட்டு முடிச்சிட்டு வாறன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் போய் நின்றார். நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். ஐந்து தரம் 'டப்' என்று கேட்டது. அவசரமில்லாமல், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இடைவெளி விட்டு.

கயிற்றில் ஊர்ந்து அட்டை வந்தது. நடுவிலிருந்த கறுப்பு வட்டம் சேதமில்லாமல் அப்படியே இருந்தது. அதைச் சுற்றிய வளையங்களிலும் ஒன்றும் இல்லை. அட்டையின் கீழ்மூலையில் கழகத்தின் முத்திரையை நகத்தளவில் கறுப்பாகக் குத்தியிருப்பார்கள். அது இருந்த இடத்தில் மட்டும் கடலையளவில் ஓரம் பிய்ந்த ஓர் ஓட்டை.

"பாத்தியளே, பிள்ளையள் சும்மா பெருப்பிச்சுச் சொல்லுங்கள்" என்று அந்தத் தாய் சிரித்தார். அம்மாவும் சேர்ந்து சிரித்தார். "நான் அங்கை கூட்டித் துடைச்சனான். சும்மா ஒண்டு ரெண்டு தரம் சுட்டுப் பாத்தது, அவ்வளவுதான்" என்றார். அண்ணை உறையைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு ஒரு ரோல்ஸ் எடுத்தார். மதாம் மட்டும் சிரிக்கவில்லை. அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், இன்னொரு முறை சுடும்படி இரண்டு தரம் கேட்டார். அம்மா நன்றி சொல்லி மறுத்துவிட்டார். தலைவர் தந்த கடிதத்தை அம்மா கைப்பையிலிருந்து எடுக்கவேயில்லை. மதாம் அட்டையை என்னிடம் தந்து, பத்திரமாக வைத்திரு என்றார். எனக்கு அதைக் கிழித்து எறியவேண்டும் போல இருந்தது. பஸ்ஸில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்காமல் தள்ளிப்போய் இருந்தேன்.

வீட்டில் அப்பா வாசலிலேயே என்ன மாதிரி என்று கேட்டார். அம்மா சட்டையைக் கழற்றிக்கொண்டு அறைக்குள் போனார். நான் அட்டையை அப்பாவிடம் நீட்டினேன்.

"வெக்கக்கேடு அப்பா. அவையளுக்கு முன்னாலை."

அப்பா ஓட்டையைப் பார்த்தார். அட்டையைப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்தார்.

"எத்தினை தரம் சுட்டவ?"

"அஞ்சு. ஒண்டுதான் பட்டது. அதுவும் மூலையிலை."

 அப்பா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே அம்மா இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் இரண்டு நாள் அம்மாவோடு கதைக்கவில்லை. மற்ற நான்கு குண்டுகளும் எங்கே போயின என்று யோசிக்க எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் எடுத்தது.