செங்கல் தூளில் தேய்த்த பேனாக்கத்தி

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர் எங்கள் வீட்டில் தன் பேனாக்கத்தியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த கோடை அது.

அவர் மானாம்பதிப் பக்கம். கம்பம் நட்டு மின்சார ஒயர் இழுக்கும் கூட்டத்தில் வேலை. கிணறுகளுக்கு மோட்டார் வந்துகொண்டிருந்த வருஷங்கள் என்பதால், கூலிக்கு வரப்பு வெட்டும் என் நைனாவுக்கு அது பெரிய உத்தியோகம். இதற்கு முன் அக்காவைப் பார்த்துப் போன இரண்டு இடத்திலிருந்தும் பதிலே வரவில்லை. இவர்களும் "கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வந்தவர்களுக்கு நைனா மாம்பழம் வைத்தார். எங்கள் வீட்டில் அரிவாள்மணையும் கதிர் அறுக்கும் அரிவாளும்தான் உண்டு. அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பிடி போட்ட பேனாக்கத்தியை எடுத்து, பழத்தை அவரே அழகாகத் துண்டு போட்டு முறத்தில் அடுக்கினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்த அவசரத்தில் கத்தி முறத்தடியிலேயே தங்கிவிட்டது.

அதைப் பார்த்ததும் எதிர்வீட்டு அத்தை ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னாடி இது, தாலி வரும்னு பாத்தா கத்தி வந்துகீது?"

அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. எங்கள் பக்கம் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள், சண்டை வரும் என்பார்கள். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். சம்பந்தம் பேச வந்த இடத்தில் கத்தியையே விட்டுவிட்டுப் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். பிறத்தியார் பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது வாங்கினதைவிடப் பளிச்சென்று கொடுக்க வேண்டும். பிடியெல்லாம் மாம்பழப் பிசுக்கு வேறு. செங்கல் தூளும் புளியும் போட்டுக் குடம் தேய்ப்பதுபோல அழுத்தித் தேய்த்துக் கழுவி, வெயிலில் வைத்தாள்.

காய்ந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னாடா இது, சாம்பல் பூத்தாப்பல கீது?"

எங்கள் வீட்டில் அதுவரை பிளாஸ்டிக் என்று இருந்தது அக்காவின் சீப்பு ஒன்றுதான். அதை யாரும் செங்கல் தூள் போட்டுத் தேய்த்ததில்லை. கோவைப்பழம் போலிருந்த பிடி இப்போது மங்கி, ஆயிரம் மெல்லிய கீறல்களோடு வெளுத்துக் கிடந்தது.

மறுநாள் சந்தைக்குப் போன ஒருவர் சேதி கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை பையனும் அவன் அம்மாவும் நேரில் வருகிறார்கள், கத்தியைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார்கள் என்று. சம்பந்தத்தைப் பற்றி? அதை அவர் கேட்கவில்லையாம்.

"எண்ணெயத் தடவிக் குடுத்துடலாம்" என்றார் நைனா. தடவிப் பார்த்தோம். ஈரம் இருக்கும்வரை மின்னியது, துடைத்ததும் பழையபடி ஆனது.

வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் யோசித்தேன். உத்திரமேரூர் கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்ப்பவர் கீறல் விழுந்த கைக்கடிகாரக் கண்ணாடியைப் பல்பொடி வைத்துத் தேய்ப்பதைப் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்திருக்கிறேன். முரட்டுத் தூள் செய்ததை அதைவிட நைசான தூள் சரிசெய்யும், அதையும்விட நைசானது மெருகேற்றும். கணக்கு சரியாகத்தான் வந்தது.

சைக்கிள் கடையில் தேய்ந்துபோன உப்புத்தாள் துண்டு ஒன்று கேட்டு வாங்கிவந்தேன். தண்ணீரில் நனைத்து ஒரே திசையில் இழுத்தேன். பிடி முழுக்கச் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துவிட்டது. அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"இருந்த கொஞ்சமும் பூடுச்சேடா!"

"இப்படித்தாம்மா ஆவும். சும்மா இரு."

சொன்னேனே தவிர, எனக்கும் நம்பிக்கை இல்லை. அடுத்து உமிச்சாம்பலை வேட்டித் துணியில் சலித்து, அந்த மாவைத் தொட்டுக் குறுக்குவாட்டில் தேய்த்தேன். வெள்ளை போய்ச் சிவப்பு மங்கலாக எழுந்தது. பிறகு பல்பொடி, அக்காவின் கிழிந்த தாவணித் துண்டு. அழுத்தித் தேய்த்தால் பிடி சூடாகி ஒரு நாற்றம் வரும், மேல்பக்கம் இளகி இழுபடும். உடனே தண்ணீர் விட வேண்டும். அக்கா சொம்போடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"பரீட்சைக்குக்கூட நீ இவ்ளோ மெனக்கெடல" என்றாள்.

"உனுக்காவத்தான் பண்ணிக்கினு கீறேன்."

அவள் தண்ணீர் விட்டாள். கத்தியை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். பிடியில் ஜன்னல் கம்பி தெரிந்தது.

ஒரு முனையில் மட்டும் ஆழமாக மூன்று கீறல் நின்றது. செங்கல் தூளில் பெரிய கல் ஏதாவது இருந்திருக்கும் என்றேன்.

"அவ்ளோ பெரிசா நான் எங்கடா தேச்சேன்?" என்றாள் அம்மா.

நான் காதில் வாங்கவில்லை. மறுபடி உப்புத்தாளிலிருந்து ஆரம்பித்தேன். அந்த மூன்றை எடுக்கத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். அம்மா கத்தியை முறத்தில் வைத்து, பக்கத்தில் இரண்டு மாம்பழமும் வைத்து, அவர் எதிரில் தரையில் வைத்தாள். அவர் எடுத்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"இது என்னுது இல்லீங்களே."

அவருடைய அம்மா முறத்தையும் எங்கள் கூரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்க கேங்குல ஆறு பேருக்கும் ஒரே மாதிரி கத்திதான் குடுத்தாங்க. மாறிடக் கூடாதுன்னு என்னுதுல மூணு கோடு கீறி வச்சிருந்தேன். இதுல இல்ல."

"அப்ப மாத்திட்டாங்களா?" என்றாள் அவர் அம்மா, எங்கள் முன்னாலேயே.

நைனா எழுந்து நின்றுவிட்டார். "கூலிக்காரங்கதாம்மா நாங்க. அடுத்தவன் பொருளுக்கு ஆசப்படற வூடு இல்ல இது."

"செங்கல் தூள் போட்டுத் தேச்சது நான்தாங்க" என்று அம்மா நடுவில் புகுந்தாள். "பளிச்சுனு இருக்கட்டும்னுதான்..."

நான் வகுப்பில் பதில் சொல்வதுபோல ஆரம்பித்தேன். உப்புத்தாள், உமிச்சாம்பல், பல்பொடி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். "அந்த மூணு கீறல் ரொம்ப ஆழங்க. அத எடுக்கத்தான் கஷ்டமாயிடுச்சு" என்றும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

அவர் கத்தியை விரித்தார். அலகின் நடுவில் உளுந்து அளவுக்கு ஒரு கருகல் பள்ளம்.

"என்னுதுதான். இது கரண்ட் அடிச்ச எடம். லைன் ஆஃப்னு கூட இருந்தவன் சொன்னான், நம்பி ஒயரைச் சீவினேன். பிடி பிளாஸ்டிக்குன்றதால உசுரு தப்பிச்சது."

அவர் அம்மா முறத்தை மறந்துவிட்டாள். "எப்படா அடிச்சுது? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

"சொன்னா வேலைக்கு அனுப்புவியா?"

"அடப்பாவி! இவன் உசுரக் காப்பாத்தின கத்திய நீங்க சாமி வெளக்காட்டம் வெளக்கி வச்சிருக்கீங்க. நான் வேற என்னென்னமோ பேசிட்டேன்" என்று என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பி, "உன்ன வூட்டுல வச்சினு இருந்தா ஒரு பாத்திரமும் மிஞ்சாது போலயே" என்றாள்.

அவர் ஏதாவது கூர்மையாக வேண்டும் என்று கேட்டார். நான் ஆணி தேட எழுந்தேன். அதற்குள் உள்ளறைக் கதவோரம் ஒரு கை வந்து, தரையில் ஓர் ஊக்கை வைத்துவிட்டுப் போனது. அக்காவின் தாவணி ஊக்கு. கைக்குக் கை கொடுக்கவில்லை.

அவர் அதை எடுத்து, அதே முனையில் மூன்று கோடு கீறினார். ஊக்கு வளைந்துபோனது. அதை அவர் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவருடைய அம்மா, "ஆவணியில வச்சுக்கலாமா?" என்று நைனாவிடம் கேட்டாள். இந்தச் சேதியோடுதான் புறப்பட்டு வந்தார்களா, வந்த இடத்தில் முடிவானதா என்று நான் விசாரிக்கவில்லை.

கத்தி மறுபடி முறத்தில் கிடந்தது. கண்ணாடி போன்ற பிடியில் மூன்று கோடும் கோணல்மாணலாக, ஓரத்தில் பொடி ஒட்டியபடி இருந்தன. பழக்கதோஷத்தில் என் கட்டைவிரல் தானாக அங்கே போனது.

"டேய்! கைய எடுடா!"

உள்ளறையிலிருந்து அக்காதான். அவ்வளவு பேர் எதிரில் அவள் குரல் அன்றுதான் முதலில் கேட்டது. நான் கையை எடுத்துக்கொண்டேன்.