பெட்டிக்குள் வந்த ஓடிபி

பிப்ரவரி நான்காம் தேதி, தை இருபத்திரண்டு, செவ்வாய்க்கிழமை. ஓமான் நேரம் காலை ஆறு ஐம்பது. சோஹாரில் புழுதிக் காற்று. வானம் வெளிறிய மஞ்சள். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊரில் அப்போது மணி எட்டு இருபது, மூட்டமாக இருப்பதாக மனைவி செல்வி சொல்லியிருந்தாள். நான் கிடங்கு வாசலில் வரிசையில் நின்றேன். கோயில் வாசலில் செருப்பை விட்டு டோக்கன் வாங்குவதுபோல, இங்கே நாற்பத்திரண்டு பேரும் போனைக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குள் நுழைகிறோம். அது ஒரு இரும்புப் பெட்டியில் போகும். மதியம் பன்னிரண்டுக்குத்தான் வெளியே வரும்.

வேலை நேரத்தில் இணையம் கூடாது என்ற இந்த விதி வந்தபோது நான் முணுமுணுக்கவில்லை. கிரிக்கெட் பார்த்துக்கொண்டே ஃபோர்க்லிஃப்ட்டைப் பின்னால் எடுத்த ஒரு பையன், இன்னொருவன் பாதத்தை நசுக்கிவிட்டான். அறுபத்து மூன்று வயதில், ஸ்டோர் கீப்பராக அந்த வண்டிகளுக்கு நடுவில் சாமான்களை எண்ணிக்கொண்டு நடக்கிறவன் நான். எனக்கும் கால் இரண்டுதான். ஆனால் அன்றைக்கு என் நெல் என் போனை நம்பிக் கிடந்தது.

ஊரில் எங்களுக்கு ஏழரை மா நிலம், அதாவது இரண்டரை ஏக்கர். பட்டா என் பெயரில். சம்பா அறுத்து, நூற்று நாற்பது மூட்டை நெல்லை அரசுக் கொள்முதல் நிலையத்துக் களத்தில் செல்வி கொட்டி வைத்திருந்தாள். முறை வரும்போது பதிவு செய்த எண்ணுக்கு ஆறு இலக்க ஓடிபி வரும். அதைச் சொன்னால்தான் நெல்லை எடை போடுவார்கள். பதிவு செய்த எண் என்னுடையது. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் ஆள் உள்ள வீடுகளில் இதுதான் வழக்கம். கேஸ், பேங்க், பட்டா எதுவானாலும் போனவனின் எண்ணைத்தான் கொடுப்பார்கள். வீட்டுக்கு ஆண்பிள்ளை இருக்கிறான் என்பதற்கு அது அத்தாட்சி. மாற்ற வேண்டுமானால் நேரில் போக வேண்டும். விடுமுறை முப்பது நாளும் கல்யாணம், காதுகுத்து, துக்கம் விசாரிப்பு என்று கழிந்துவிடும். அதனால் அந்த இந்திய சிம்முக்கு இங்கிருந்தே காசு போட்டு உயிரோடு வைத்திருக்கிறேன்.

முந்தின இரவு செல்வி பேசினாள். “நாளைக்கு நம்ம முறைங்க. போனக் கையிலயே வச்சிருங்க. மானம் மூட்டமா இருக்கு.”

அதனால் வாசலில் சூப்பர்வைசர் காலித்திடம் கெஞ்சினேன். அவர் இந்த ஊர்க்காரர், கெட்டவர் இல்லை.

“சார், டுடே ஒன்லி. மை ரைஸ் இஸ் வெயிட்டிங். ரெயின் கமிங்.”

“ரைஸ்? கேன்டீன்ல இருக்கே, பன்னிரண்டு மணிக்கு” என்றார் ஆங்கிலத்தில். பிறகு முகம் மலர, “உங்கள் ஊரில் மழையா? அல்ஹம்துலில்லாஹ்! எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்” என்று என் தோளைத் தட்டினார்.

வருடத்தில் நாலு நாள் மழை கண்டாலே வண்டியை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு பார்க்கப் போகிறவர்கள் இவர்கள். தை மாதத்து மழை என்றால் என்னவென்று எந்த மொழியில் சொல்வது? பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். போனைக் கொடுத்துவிட்டேன்.

பன்னிரண்டுக்கு வாங்கிப் பார்த்தால் பதினொரு தவறிய அழைப்புகள், மூன்று ஓடிபிகள். ஒவ்வொன்றுக்கும் ஆயுள் பத்து நிமிடம். மூன்றும் செத்துக் கிடந்தன.

கூப்பிட்டேன். “எங்கங்க போனீங்க?” என்றாள் செல்வி. “மூணு தடவ அனுப்பிப் பாத்தாங்க. பின்னால நிக்கிறவங்க சத்தம் போடுறாங்க. அடுத்த ஆளுக்குப் போயிட்டாங்க. நாளைக்குப் பாப்போம்ங்கிறாங்க.”

“தார்ப்பாய் போட்டியா?”

“போட்டாச்சு. மேல போட்டாச்சு. கீழ என்னத்தப் போடுறது?”

ஊர் நேரம் நாலு மணிக்கு மழை இறங்கியது. இரண்டு நாள் விடவில்லை. தண்ணீர் களத்தின் அடியால் வந்து குவியலுக்குள் ஏறிவிட்டது. மூன்றாம் நாள் தார்ப்பாயை விலக்கிப் படம் அனுப்பினாள்; குவியலின் அடிப்பக்கம் முழுவதும் வெள்ளை முளை. ஈரப்பதம் அதிகம் என்று நிலையத்தில் எடுக்கவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. முப்பது மூட்டை வாத்துத் தீனியாகக்கூட விலை போகவில்லை. மீதியை ஒரு வியாபாரி வந்த விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்.

என் அறையில் தங்கியிருக்கும் முத்துப்பேட்டை ஹாஜா, செல்வி அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு, “அண்ணே, ஒளிச்சு வச்சிருக்கலாம்ல? புடிச்சா அஞ்சு ரியால் ஃபைன், நம்ம காசுக்கு ஆயிரத்து நூறு. அம்புட்டுதானே? ஊரு உலகத்தையே எண்ணுறீங்க, இத எண்ணலையே” என்றான்.

“நீ வச்சிருப்பியா?”

“நான் ஷூவுக்குள்ளயே ஒண்ணு வச்சிருக்கேன். என் மவ பேசாம மத்தியானம் தூங்காதுண்ணே.”

இரண்டு வாரம் கழித்து காலித் எல்லோரையும் கூட்டி, வேலை நேரத்தில் போனும் இணையமும் வேண்டுமா என்று கருத்துக் கேட்டார். மூத்தவன் என்று முதலில் என்னை எழுப்பினார். வேண்டாம் என்றால் என் நெல் கேட்கும். வேண்டும் என்றால் அந்தப் பையனின் பாதம் கேட்கும். வண்டி ஓட்டுகிற நேரம் தவிர வைத்துக்கொள்ளட்டும் என்று பொதுவாக ஏதோ சொன்னேன். என்ன நினைத்தாரோ, மறுவாரமே உத்தரவு வந்துவிட்டது. ஓட்டுநர்கள் தவிர மற்றவர்கள் போனை வைத்துக்கொள்ளலாம். கம்பெனி வைஃபையும் உண்டு.

அன்று இரவு சந்தோஷமாகச் செல்வியிடம் சொன்னேன்.

“குத்தகைக்கு விட்டுட்டேங்க. மூணு வருசத்துக்குப் பேசியாச்சு. இனிமே அவங்க பாத்துக்குவாங்க. உங்க போனுக்குக் காத்துக்கிட்டு நடு ரோட்டுல நிக்க என்னால ஆவாது.”

“என்கிட்ட ஒரு வார்த்த…”

“கூப்பிட்டேன். பகல்ல ரெண்டு தடவ. எடுக்கல.”

இப்போது போன் சட்டைப் பையிலேயே இருக்கிறது. பகல் முழுவதும் வைஃபை நாலு கோடும் நிறைந்து நிற்கிறது. என் பெயரில் பட்டா அங்கே இருக்கிறது. அதில் யாரோ நாற்றங்கால் விடுவார்கள், யாருடைய எண்ணுக்கோ ஓடிபி போகும். இங்கே அறுபத்து மூன்று வயது ஆள் ஒருவன் கையிருப்புச் சாமான்களை எண்ணிக்கொண்டு, நெஞ்சுப் பக்கம் ஏதும் அதிர்கிறதா என்று நின்று நின்று பார்க்கிறான். நெல்லில் போனது அறுபத்தொன்பதாயிரம். தார்ப்பாய் வாடகையும் காயவைத்த கூலியும் நாலாயிரத்து முந்நூறு. ஆக எழுபத்து மூவாயிரத்து முந்நூறு ரூபாய்.