கடற்சூரனாக நடித்தவர்

லதீசனுக்கு இடது காது சரியாகக் கேட்காது. பதினேழு வயதிலிருந்து சங்குக்கும் கடலட்டைக்கும் கடலடியில் சுழியோடியதில் வந்த கோளாறு. அவரைத் தெரிந்தவர்கள் கதைக்கத் தொடங்குமுன் தாமாகவே வலது பக்கத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். முப்பத்தெட்டு வயது. சல்லிக் கிராமத்தில் எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. மனைவி நிஷாந்தினி, இரண்டு பெண் பிள்ளைகள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. இவ்வளவையும் எழுதிவிட்டுப் பார்க்கிறேன்; கிராம சேவகரின் பதிவில் இதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும்.

உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடலில் குளிக்கப் போனவர் காணாமல் போனால் லதீசனுக்கு அழைப்பு வரும். அவரும் அவரோடு தொழில் செய்யும் மூன்று பேரும் போவார்கள். இதுவரை பதினொரு பேரை வெளியே எடுத்திருக்கிறார். இரண்டு பேருக்கு மட்டும் உயிர் இருந்தது. அந்த நால்வருக்கும் ஒரு வழக்கம்: அந்த வேலைக்கு எவரிடமும் எதுவும் வாங்குவதில்லை. படகுக்கு எண்ணெய்கூட அவர்களுடையதுதான். எடுத்துக் கொடுத்த வீட்டில் முப்பத்தொரு நாளைக்குத் தேத்தண்ணியும் குடிக்கமாட்டார்கள். நால்வரில் மூத்தவரான யோகராசா, வாங்கினால் அடுத்தமுறை கடல் ஆளைக் காட்டாது என்பார். அதை நம்புகிறீர்களா என்று லதீசனிடம் ஒருமுறை கேட்டேன்.

“நம்புறது என்னத்துக்குப் பிள்ளை? வாங்காமல் இருக்கிறது லேசு,” என்றார்.

கரையில் எல்லோரையும் சிரிக்க வைப்பவரும் அவர்தான். கடலட்டை வாங்க வரும் முதலாளியைப் போல, மீன்பிடி அதிகாரியைப் போல, தன் மாமியாரைப் போல நடந்து காட்டுவார். அதனால்தான் எங்கள் தொடருக்கு அவரைக் கேட்டேன்.

எங்கள் குடும்பத்தில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் கிடைத்து இரண்டு வருடமாக வேலை இல்லை. கிண்ணியாவைச் சேர்ந்த நிப்றாஸ் நகரில் கைப்பேசி திருத்தும் கடை வைத்திருந்தார். அவரிடம் ஒரு நல்ல கமெரா இருந்தது. நான் எழுத, அவர் படம்பிடித்து வெட்டி ஒட்ட, யூடியூபில் ‘காப்பாற்றுவோர் சங்கம்’ என்ற தொடரைத் தொடங்கினோம்.

கதை இதுதான். அபூர்வ சக்தி கொண்ட ஐந்து பேர் ஊரைக் காப்பாற்ற வருகிறார்கள். வந்தவுடன் சங்கம் பதிகிறார்கள். பதிந்தவுடன் தலைவர் பதவிக்குச் சண்டை. எரியும் வீட்டுக்காரன் முதலில் விண்ணப்பப் படிவம் நிரப்ப வேண்டும். பறக்கத் தெரிந்தவர் பறப்பதற்குப் பயணப்படி கேட்கிறார். சுவருக்குள்ளால் பார்க்கும் சக்தி உள்ளவர் மற்ற நாலு பேரின் அலுமாரிகளைப் பார்த்து மிரட்டி வாழ்கிறார். லதீசன்தான் கடற்சூரன். நிப்றாஸ், கடற்சூரனைக் கவிழ்க்கக் காத்திருக்கும் மின்னல் நானா. லதீசனின் சுழியோடும் உடுப்பின் முதுகில் எங்கள் வீட்டு யன்னலில் தொங்கிய திரைச் சேலையைக் கட்டினோம்.

“இதோட தண்ணிக்குள்ள இறங்கினா முதல்ல என்னைத்தான் காப்பாத்த வேணும்,” என்றார் லதீசன்.

“காப்பாத்த விண்ணப்ப ஃபோம் நிரப்பினீங்களா, அண்ணன்?” என்றார் நிப்றாஸ்.

ஆறு பகுதிகள் போட்டோம். ஆயிரம், இரண்டாயிரம் பேர் பார்த்தார்கள். ஏழாவதில் சங்கம் உடைய வேண்டும். நான் எழுதியது: ஒரு தாயின் பிள்ளை கடலில் தாழ்கிறான். கடற்சூரன் கரையில் நின்று, “கையில கிடக்கிற காப்பு தங்கமோ?” என்று பேரம் பேசுகிறான். மின்னல் நானா படகுக்குப் பின்னால் ஒளிந்து அதைப் படம்பிடிக்கிறார். அந்தப் படத்தைக் காட்டியே தலைவர் கதிரையைப் பிடிக்கிறார். பிள்ளை போன தோணியில் ஓட்டை போட்டவரும் அவர்தான் என்பது பிறகு தெரியவரும்.

லதீசனுக்கு வாசித்துக் காட்டினேன். வலது காதைத் திருப்பிக்கொண்டு கேட்டவர் சிரிக்கவில்லை.

“பிள்ளை, என்னைக் கள்ளனாக்குங்கோ, கோமாளியாக்குங்கோ. கரையில நிண்டு விலை பேசிறவனாக்காதேங்கோ.”

“அது நீங்கள் இல்லையே, லதீசண்ணா. கடற்சூரன்.”

“முகம் என்ரதானே.”

நான் விட்டுக்கொடுத்தேன். பேரத்துக்குப் பின்னால் நாற்பது செக்கன் காட்சி ஒன்றைச் சேர்த்தேன். கடற்சூரன் காப்பைக் கையில் வாங்குகிறான். பார்க்கிறான். அதைத் தாயின் கையிலேயே திரும்பப் போட்டுவிட்டு, சேலையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடலில் பாய்கிறான்.

“இது கட்டாயம் வரும்தானே?”

“ஓம் அண்ணா. கட்டாயம் வரும்.”

அந்தச் சொல்லை நம்பித்தான் அவர் நடித்தார். நன்றாகவே நடித்தார்.

வெட்டி ஒட்டும்போது நிப்றாஸ், “மெடம், இந்தப் பாயுற துண்டு வேணாம். ஏழு பகுதியா ஊழல் ஊழல் என்டு காட்டிட்டு, கடைசில ஆள் திருந்திட்டான் என்டா பாக்கிறவனுக்கு நிம்மதியாப் போயிரும். அவனுக்கு ஏன் நிம்மதி?” என்றார்.

அவர் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. அங்கதம் ஆறுதல் சொல்லக் கூடாது என்று நானே இறுதியாண்டுக் கட்டுரையில் எழுதியிருக்கிறேன். எடுத்துவிடச் சொன்னேன். லதீசனிடம் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கும் அடுத்த நாளும் நினைத்தேன். அவர் கைப்பேசியில் எதையும் பார்ப்பவரல்ல. அதுவும் என் கணக்கில் இருந்தது என்பதை இப்போது மறைப்பதில் பயனில்லை.

அந்தப் பேரத் துண்டை மட்டும் யாரோ தனியாக வெட்டிப் பரப்பினார்கள். தொடரின் பெயர் இல்லை, யன்னல் சேலையும் சட்டகத்துக்குள் இல்லை. சுழியோடும் உடுப்போடு ஒரு மனிதன் அழும் பெண்ணிடம் காப்பு எத்தனை பவுண் தங்கம் என்று கேட்கிறான். இரண்டு இலட்சம் பேர் பார்த்தார்கள். அதற்குக் கீழே எழுதியவர்களில் பாதிப்பேர் அது நடிப்பு என்று அறிந்திருக்கவில்லை.

லதீசனுக்கு மீன் ஏலம் போடும் இடத்தில்தான் தெரிந்தது. யாரோ, “சூரன், பவுண் இப்ப என்ன விலை?” என்று கேட்டிருக்கிறார்கள். மத்தியானம் எங்கள் வீட்டு வேலியருகே வந்து நின்றார்.

“நாப்பது செக்கனையும் போட்டனீங்களோ?”

“இல்லையண்ணா.”

“நிப்றாஸ் தம்பி வெட்டினவரோ?”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். தொடரில் சங்கத்தார் ஒவ்வொருவரும் மற்றவரைக் கை காட்டும் காட்சிகளை நான்தான் எழுதினேன். எழுதும்போது சிரித்தும் இருக்கிறேன்.

“நான்தான் வெட்டச் சொன்னனான்,” என்றேன்.

அவர் ஏசவில்லை. “சரி,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றே தொடர் முழுவதையும் நீக்கினோம். பரவிய துண்டை எங்களால் நீக்க ஏலாது.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உப்புவெளியில் குளித்துக்கொண்டிருந்த கிண்ணியாப் பையன் ஒருவனை நீரோட்டம் இழுத்தது. இக்ராம், பத்தொன்பது வயது. செய்தி கேட்டு நானும் ஓடினேன். லதீசன் உடுப்பை மாட்டிக்கொண்டிருந்தார். யோகராசா படகைத் தள்ளிக்கொண்டிருந்தார். பையனின் உம்மா லைலா மணலில் முழங்காலில் இருந்தவர், லதீசனின் முகத்தைக் கண்டதும் எழுந்தார். முந்தானைக்குள் கையை விட்டு இரண்டு காப்பைக் கழற்றினார். ஒன்று வரவில்லை, தோலோடு இழுத்தார்.

“தம்பி, இதப் புடிங்க. என்ட புள்ளய எடுத்துத் தாங்க.”

“அம்மா, அது நாடகம். நாங்கள் ஒண்டும் வாங்கிறதில்லை. காப்பைப் போடுங்கோ.”

அவர் லதீசனின் முகத்தையே பார்த்தார். “போதாதா, தம்பி? காதுல கிடக்கிறதையும் தாறன்.”

சுற்றி நின்றவர்கள் கைப்பேசிகளை உயர்த்தினார்கள். லதீசன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். காப்புப் பட்டுவிடுமோ என்று பயந்தவர்போல. அவர் ஒவ்வொரு அடி பின்வாங்கவும் அந்தத் தாய் ஒவ்வொரு அடி முன்னால் வந்தார். விலை பற்றாது என்றே அவர் நினைத்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது.

லதீசன் என்னைப் பார்த்தார். “பிள்ளை, நீங்கள் சொல்லுங்கோ.”

நான் லைலாவின் முன்னால் போய் நின்றேன். “அம்மா, அதை எழுதினது நான். அது பொய். இவர் ஒருத்தரிட்டையும் ஒண்டும் வாங்கினதில்லை,” என்றேன். அதற்குள் லதீசன் தண்ணீருக்குள் போய்விட்டார். லைலா நான் சொன்னதைக் கேட்டாரோ தெரியாது. காப்புகளை என் கையில் திணித்து, “அவர்ட குடுங்க,” என்றார். திரும்பக் கொடுக்கப் போனால் அலறினார். நான் திருப்பிக் கொடுத்தால் லதீசன் திரும்பி வந்துவிடுவார் என்ற பயம் அவருக்கு.

இரண்டு மணித்தியாலம் அவற்றை வைத்துக்கொண்டு கரையில் நின்றேன். நிப்றாஸ் வந்து பக்கத்தில் நின்றார்.

இக்ராமை எடுத்துக்கொண்டு வந்தார்கள். உயிர் இல்லை. லதீசனின் மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது. வழமையைவிட ஆழமாக, வழமையைவிடக் கூடிய தடவை இறங்கியிருக்கிறார் என்று யோகராசா சொன்னார். ஜனாஸா அன்றே அடக்கப்பட வேண்டும் என்று உறவினர்கள் அவசரப்பட்டார்கள். பையனின் மாமாவிடம் காப்புகளைக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “குறைவென்டா சொல்லுங்க,” என்றார். அவரிடமும் முதலிலிருந்து சொன்னேன். நிப்றாஸும் சொன்னார். நம்பினாரா என்று தெரியவில்லை. “நல்லது,” என்றார்.

நாங்கள் அந்த நாற்பது செக்கனையும் விளக்கத்தையும் பிறகு யூடியூபில் போட்டோம். முந்நூறு பேர் பார்த்தார்கள்.

ஒரு வாரத்துக்குப் பின் லதீசன் வேலியருகே வந்தார். இனி இந்த வேலைக்குப் போகமாட்டேன் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். எங்களுக்கு அது பொருத்தமான தண்டனையாகவும் இருந்திருக்கும்.

“என்னால கடலுக்குள்ள இறங்க ஏலும். கரையில நிக்கிற சனத்துக்கு என்ர முகத்தைக் காட்டி விளங்கப்படுத்த ஏலாது. இனி அழைப்பு வந்தா உங்களுக்கும் சொல்லுவன். வாங்கோ. நாங்கள் படகு தள்ளுமுன்னம் அவையளிட்ட நீங்கள்தான் கதைக்க வேணும்.”

“வாறன், லதீசண்ணா.”

“வேலை கிடைச்சாலுமோ?”

அவர் காத்து நின்றார். “ஓம்,” என்றேன். முன்பும் அவருக்கு ஓம் சொன்னவள் நான் என்பது இருவருக்கும் தெரியும்.

அதன்பிறகு இரண்டு முறை அழைப்பு வந்தது. இரண்டு முறையும் போனேன். முதல் முறை, நிலாவெளியில், நான் கதைத்து முடிக்கும்வரை அவர் படகருகே, கரையில் நின்ற சனத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். பிறகு இறங்கினார்.