திரும்பும்போது வாசித்த பாட்டு

பட்டாளத்து பேண்டிலிருந்து ஓய்வு பெற்றுத் தென்காசிக்கு வந்த அந்த பேண்டு மாஸ்டரைக் கண்டாலே எனக்கு ஆகாது. காக்கிக் கோட்டின் பித்தளைப் பொத்தான்களைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டேதான் பேசுவார்.

என் தம்பி கிடார் வைத்துக்கொண்டு ராக் பாட்டுப் பாடுகிறவன். அவனே கட்டிய பாட்டு ஒன்று உண்டு. குற்றாலத்தில் சாரல் சீசன் கச்சேரிகளில் அதைத் தொடங்கினால், அடுத்து வாசிக்கக் காத்திருக்கும் இவர் பாதியிலேயே டிரம் அடிக்கச் சொல்லி அமுக்கிவிடுவார். "கழுதைக் கத்தல்" என்பார்.

தம்பி காய்ச்சலில் செத்தான். கூப்பிடாமலே இவர் பேண்டு செட்டோடு வந்து நின்றார். சிற்றாற்றங்கரைச் சுடுகாடு வரைக்கும் மெதுவான சோக இசை. பொறுத்துக்கொண்டேன். கொள்ளி வைத்துத் திரும்பும்போது எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் வாய் திறப்பதில்லை. இவரோ கையை உயர்த்தினார். தம்பியின் அந்தப் பாட்டு துள்ளலாக, தெருவே அதிர எழுந்தது. ஓடிப்போய் அவர் காலரைப் பிடித்தேன்.

"எழவுல ஆட்டம் போடுதீரா? நீரெல்லாம் ஒரு மனுசனா, வே?"

பொத்தானைத் தேய்த்தார். "பட்டாளத்துல இதான்லே முறை. போகையில அழுகணும். திரும்புகையில செத்தவனுக்குப் பிடிச்சத வாசிக்கணும். கைய எடுலே, பாட்டு இன்னும் முடியல."

இன்றுவரை அவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால், அந்தப் பாட்டைத் தம்பி முழுசாகப் பாடியது எங்கள் வீட்டுப் பின்கட்டில் மட்டும்தான். அதைக் கொஞ்சமும் பிசகாமல் கடைசிவரை வாசித்த அந்த ஆள், எத்தனை நாள் எங்கள் கொல்லைச் சுவரோரம் நின்றிருப்பார்?