காட்டுச் சாமியாருக்கு ஆள் இல்லை

செடெனாக் என்ற ஊரில் பெரியப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அன்று நாங்கள் நான்கு பேர் இருந்தோம். ஐந்தாம் படிவத்தில் படித்த பெரியப்பா மகன், அதாவது அண்ணன். அவனுடைய தங்கை, எனக்கு அக்கா. பன்னிரண்டு வயதில் ஆறாம் ஆண்டு படித்த நான். எட்டு வயதான என் தங்கை. இரவு வேலை முடிந்து வந்த பெரியப்பா அறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மாவும் பெரியம்மாவும் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தார்கள். வராதவன் ஒருவன்தான், சாஆ என்ற ஊரில் இருந்த சித்தப்பா மகன். அவனுக்குக் காய்ச்சல் என்றார்கள். தீபாவளிக்கும் அவனுக்குக் காய்ச்சல். சீனப் புத்தாண்டு விடுமுறைக்கும் காய்ச்சல். பள்ளிக்கூடம் திறந்ததும் இறங்கி, விடுமுறை விட்டதும் ஏறும் காய்ச்சல்.

சிங்கப்பூரில் வேலை செய்த யாரோ வேண்டாமென்று கொடுத்த தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றும், பல முகம் கொண்ட பகடைகளும் அண்ணனிடம் இருந்தன. அண்ணன் கதை சொல்வான். நாங்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் போக வேண்டும். என்ன செய்கிறோம் என்பதை வாயால் சொல்ல வேண்டும். அது நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அன்றைய கதையில் ஒரு குகை, குகைக்குள் ஓர் அரக்கன். மறுநாள் காலையில் அப்பா வந்து எங்களைச் சொந்த ஊரான பாலோவுக்குக் கூட்டிப்போய்விடுவார். இருந்தது அந்த ஒரு பகல்தான். அதையும் வேடம் பிரிப்பதிலேயே தின்று தீர்த்தோம். இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வாள் அக்காவுக்கு. அதில் பேச்சே இல்லை. மந்திரக்கோல் வேண்டுமென்று என் தங்கை அழுதாள், கொடுத்துவிட்டார்கள். எனக்கும் வாள்தான் வேண்டியிருந்தது. ஒரு கூட்டத்தில் இரண்டு வாள் இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டேன்.

"காயம் பட்டா யாரு மருந்து போடறது? ஒங்கப்பாவா?" என்றான் அண்ணன். "நீதான்டா காட்டுச் சாமியாரு. மரம் செடியோட பேசலாம். மிருகமா மாறலாம். எல்லாருக்கும் வைத்தியம் பாக்கலாம்."

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். அதற்கான கோளாறு அப்போதே இருந்தது. எதையும் படித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டேன். அகராதியை வைத்துக்கொண்டு சாமியாருக்குரிய பக்கங்களை எழுத்தெழுத்தாகப் படித்தேன். சாமியார் இரும்புக் கவசம் போடக் கூடாதாம். மரக்கேடயம்தானாம்.

"அரக்கன் இரும்போட வருவான், நான் பலகையோட நிக்கணுமா?"

"அலமாக், ஒன்னோட பெரிய ரோதனைடா" என்று அக்கா தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பதில் வேட்டைக்காரனாகவாவது இருந்துவிடுகிறேன், அவனும் காட்டுக்காரன்தானே, வில்லாவது கிடைக்கும் என்றேன். வேட்டைக்காரனுக்கு வைத்தியம் அரைகுறை என்றான் அண்ணன். கடைசியில் அரை மனதாகச் சாமியாருக்குத் தலையாட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். அண்ணன் விடவில்லை. சாமியார் எந்தக் காட்டிலிருந்து வருகிறார் என்று சொல்ல வேண்டுமாம்.

எனக்குத் தெரிந்த காடு ஒன்றுதான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தொடங்கி, கண் போகிற தூரம் வரை செம்பனைத் தோட்டம். பாம்பு உண்டு, ஆந்தை உண்டு, காட்டுப்பன்றி உண்டு. மிகவும் பொறுப்பாக அதையெல்லாம் சொன்னேன்.

அக்கா மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். "வரிசையா நட்டு ஒரம் போட்டதெல்லாம் காடாடா? ஒன் சாமியார வேல வாங்கற மண்டோர் யாரு? காலையில பேரு கூப்பிடற பெரட்டுக்கு நிப்பாரா?"

அண்ணனும் சிரித்துவிட்டான். எனக்குக் காது சூடேறியது. சாமியார் வேலை வேண்டாம், யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று புத்தகத்தை மூடினேன். வைத்தியர் இல்லாமல் குகைக்குள் போனால் முதல் அடியிலேயே எல்லாரும் காலி, அதனால் ஆட்டத்தைத் தொடங்கவே முடியாது என்றான் அண்ணன். என் தங்கை மறுபடியும் அழத் தயாரானாள்.

போன வருடம் இந்தத் தொல்லையே இல்லை. சித்தப்பா மகன் ஆசைப்பட்டுச் சாமியாராக இருந்தான். ஆபத்து வரும்போதெல்லாம் தவளையாக மாறினான். உபயோகம் ஒன்றுமில்லை, ஆனால் அடம்பிடிக்கவில்லை. அவனைத்தான் வரவழைக்க வேண்டும் என்று அண்ணன் முடிவெடுத்தான். அவனிடம் கைப்பேசி கிடையாது. அதனால் சித்தியின் எண்ணுக்குக் குரல் பதிவு ஒன்றை அனுப்பினான்:

"டேய், நீ வரலைன்னா இன்னிக்கு நாங்க நாலு பேரும் செத்துருவோம்டா. காப்பாத்த ஆளே இல்ல. சீக்கிரம் வா."

அனுப்பிவிட்டுக் கைப்பேசியை அணைத்துவைத்தான். ஆட்ட மேசையில் கைப்பேசி கூடாது என்பது அவன் போட்ட சட்டம்.

அங்கே நடந்ததைச் சித்தி பிறகு சொல்லித்தான் தெரியும். அதைக் கேட்டதும் சித்தி அண்ணனுக்குப் போன் அடித்தார், அது அணைந்திருந்தது. பெரியம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் அடித்தார்; பாசார் இரைச்சலில் அவர்களுக்குக் கேட்கவில்லை. மிச்சமிருந்தது பெரியப்பாவின் எண். அதற்கு அடிக்கப் போன சித்தியின் கையைச் சித்தப்பா பிடித்துக்கொண்டாராம். அத்தை கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு யார் மாலை போடுவது என்று அண்ணன் தம்பி இருவருக்கும் ஏதோ ஆகி, இனி அந்த எண்ணுக்குக் கூப்பிடுவதில்லை, அந்த வாசலை மிதிப்பதில்லை என்று சித்தப்பா சொல்லியிருந்தார். பையனுக்கு வந்த காய்ச்சல் அதுதான். "நீ வண்டியில ஏறு" என்று மட்டும் சொன்னாராம்.

நாங்கள் மீ கோரேங் தின்று முடித்து, சாமியார் யார் என்ற சண்டைக்கே திரும்பியிருந்தோம். கேட் படாரென்று திறந்தது. சித்தப்பா, வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடு ஓடிவந்தார். பின்னால் சித்தி. அவருக்கும் பின்னால், எல்லாம் தெரிந்தவன் போல் தலையைக் குனிந்துகொண்டு அவன்.

"யாருடா சாகப்போறது?" சித்தப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

அண்ணன் பகடைகளைக் கைக்குள் மூடிக்கொண்டான். என் தங்கைதான் பதில் சொன்னாள்: "எல்லாரும்தான் சித்தப்பா. ஆனா இன்னும் ஆரம்பிக்கல."

சத்தத்தில் பெரியப்பா எழுந்து வந்து அறை வாசலில் நின்றார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். சித்தப்பா வாசலைப் பார்த்தார். அதை மிதித்து வெகுதூரம் உள்ளே வந்திருந்தார். அடி யாருக்கு விழும் என்று நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

"வண்டி எங்க?" என்றார் பெரியப்பா.

"ரோட்டுல. எஞ்சினகூட அடைக்கல."

பெரியப்பா வெளியே போய் அந்த வண்டியில் ஏறினார். நான் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியவர் வண்டியை நகர்த்தவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். கியர் மாட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று நான் அக்காவிடம் சொன்னேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

சரி, ஆளாவது வந்துவிட்டான் என்று பார்த்தால், சித்தப்பா மகன் மேசையில் உட்கார்ந்ததும் சொன்னான்: "இந்தத் தடவ எனக்குச் சாமியாரு வேணாம். வாளு குடு."

கொடுத்தார்கள். இத்தனை தூரம் வந்தவனாம். இரண்டு வாள் இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று அண்ணனே கேட்டான். நான் பலகையைத் தூக்கிக்கொண்டு, மரத்துக்கு எண் போட்ட காட்டிலிருந்து சாமியாராகப் புறப்பட்டேன். அன்று ராத்திரி சித்தப்பா வீட்டார் அங்கேயே தங்கினார்கள். அவனுக்கு அதற்குப் பிறகு காய்ச்சல் வந்ததாக நினைவில்லை.

சில வாரம் கழித்து, நெடுஞ்சாலைக் கேமராவில் சிக்கிய சித்தப்பாவின் வேகத்துக்கு நூற்றைம்பது ரிங்கிட் அபராதச் சமன் வந்தது. என் வண்டி, நான் கட்டுகிறேன் என்றார் சித்தப்பா. என் வீட்டுக்கு வந்த வண்டி, நான்தான் கட்டுவேன் என்றார் பெரியப்பா. தண்டம் கட்டுவதற்கு இப்படி அடித்துக்கொள்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அம்மாவோ அதை ஏதோ நல்ல சேதி போலப் போனில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அப்பா நடுவில் புகுந்து பிரித்துவிட்டார்: ஆளுக்கு எழுபத்தைந்து ரிங்கிட்.