ஆண்டவர் மூடாமல் விட்ட வாய்கள்

என் மகள் ரூபி சாகக் கிடந்தாள். அதே நேரத்தில் எங்கள் சபையில் பாதிப்பேர் அவள் பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து ஆண்டவர் எங்களை எப்படி வெளியே கொண்டுவந்தார் என்பதை உங்களுக்குச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள். சொல்லும்போது எனக்குக் கோபம் வரும், குமட்டலும் வரும். விசுவாசிகளே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது மலேசியாவில், 1983-இல், சீனப் பெருநாளை ஒட்டி நடந்தது. கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் தோட்டத்து லாரி ஓட்டினார். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் நான் பார்த்துக்கொண்டேன். ரூபி எங்களுக்கு ஒரே பிள்ளை. பினாங்கில் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தாள். கடைசி வருடம். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து அவ்வளவு தூரம் படித்துப்போனவள் அவள் ஒருத்திதான்.

டிசம்பரிலிருந்து அவள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு வந்தவள் ஒரு வாய் சாப்பிடாமல் திரும்பிப் போனாள். பரீட்சை நெருங்குகிறது, நேரமில்லை என்றாள். சரி, நீ வராவிட்டால் நான் வருகிறேன் என்று சனிக்கிழமைதோறும் கிளம்பினேன். சுங்கை பட்டாணிக்கு ஒரு பஸ், பட்டர்வொர்த்துக்கு ஒரு பஸ், பிறகு பெர்ரி, அதன்பிறகு இன்னொரு பஸ். கையில் சாப்பாட்டுத் தூக்கு, தோளில் பின்னல் பை.

அந்தப் பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஈஸ்டருக்குப் பிறகு எங்கள் சபையில் மாதர் சங்க விற்பனை நடக்கும். ஒருவர் ஊறுகாய், ஒருவர் கேக், ஒருவர் தலையணை உறை என்று பங்கு போட்டுக் கொடுப்பார்கள். நான் ஆயா என்பதால் எனக்குக் குழந்தைத் தொப்பியும் காலுறையும். வெள்ளை உல்லன் நூலில் பின்ன வேண்டும். கெடா வெயிலில் எந்தக் குழந்தைக்கு உல்லன் தொப்பி என்று கேட்காதீர்கள். பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் வாங்குவார்கள், அவ்வளவுதான். பஸ்ஸில் பின்னினேன், பெர்ரியில் பின்னினேன், ரூபியின் கட்டிலோரத்தில் உட்கார்ந்து பின்னினேன். என் மடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காத ஆள் அந்த வழியில் கிடையாது.

ரூபி நாலு பெண்களோடு ஒரு வாடகை வீட்டில் இருந்தாள். அந்த வீட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. படித்த பிள்ளைகள். ஒருத்தி சட்டி கழுவமாட்டாள். சமையலறைச் சிங்கில் பழைய மீ கோரேங் நூடுல்ஸ் ஊறி நுரைத்துக் கிடந்தது. சோற்றுப் பானையைத் திறந்தால் உள்ளே பச்சைப் பூஞ்சை மயிர் மாதிரி நின்றது. கரப்பான் பூச்சி என்னைக் கண்டு ஓடக்கூட இல்லை. வாசலில் ஒரு சாப்பாட்டுக் கடை. எச்சில் தட்டுகளை எல்லாம் ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, அடுத்த ஆளுக்குச் சோறு போட்டான் அந்த ஆள். என் பிள்ளை மூன்று வேளையும் அங்கேதான் சாப்பிட்டிருக்கிறாள்.

அவளுடைய அறை ஒரு குகை. பக்கத்து வீட்டுப் பையன்கள் எட்டிப் பார்க்கிறார்களென்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தார்கள். மங்கிய பல்பு ஒன்று எரிந்தது. ரூபி சுருண்டு படுத்திருந்தாள். நான் தூக்கைத் திறந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

"கேஸ்ட்ரிக்மா. எக்ஸாம் டென்ஷன்லா. மருந்து வாங்கிக் குடிக்கிறேன்."

"டாக்டர்கிட்ட காட்டுனியா?"

"காட்டுனா வார்டுல போட்டுருவாங்க. பரீட்ச போச்சுன்னா இன்னொரு வருஷம் இருக்கணும். ஒன்னும் இல்லம்மா, நீங்க பயப்படாதீங்க."

ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே பேச்சு. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் இன்னும் கொஞ்சம் கரைந்திருந்தாள். பிடிவாதம் மட்டும் கரையவில்லை. அது அப்பா வழி.

பயந்துபோய்த்தான் வீட்டு ஜெபக் கூட்டத்தில் வாயைத் திறந்தேன். அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் பீடோங் டவுனில் தெபோராள் அக்கா வீட்டில். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் மனைவி. மாதர் சங்கத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். ஜெபத்துக்கு முன்னால் ஒவ்வொருவரும் விண்ணப்பம் சொல்வது வழக்கம். என் முறை வந்தபோது, "ரூபிக்குச் சாப்பாடு எறங்க மாட்டேங்குது, வாந்தியா எடுக்கிறா, அவளுக்காக ஜெபிங்க" என்றேன். மடியில் பாதி பின்னிய தொப்பி இருந்தது. தெபோராள் அக்கா என் முகத்தைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார்.

பிறகு முழங்காலில் நின்று ஆரம்பித்தார். எப்பேர்ப்பட்ட குரல்! "ஆண்டவரே, எங்க எஸ்டேட் ஆயாக் கொட்டகைல வேல செய்யிற இந்தச் சகோதரியப் பாரும். லாரிக்கார வீட்டு ஒரே மகள், பினாங்குல படிக்கப் போன எடத்துல தவறிப்போன அந்த வாலிபப் பிள்ளைய மன்னியும். வயித்துல இருக்கிற அந்தப் பாவமறியாத சிசுவக் கண்ணோக்கும்."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். சுற்றிலும் மூடிய கண்கள், ஆனால் காதுகள் எல்லாம் விரிந்திருந்தன. ஆண்டவருக்கு விலாசம் தெரியாதது போல எஸ்டேட், வேலை, வீடு எல்லாம் சொல்லி அந்த அம்மாள் ஜெபித்தது அவருக்கா? எழுந்து நின்று கேட்டிருக்க வேண்டும். தொப்பியைப் பைக்குள் திணித்தேன். ஜெபம் முடிந்து காப்பியும் வடையும் வந்தன. தெபோராள் அக்கா வடை எண்ணெய்யை விரல் விரலாகச் சூப்பிவிட்டு, அதே கையால் என் கன்னத்தைத் தடவினார். "அழாத ரூபி அம்மா. ஆண்டவர் பெரியவர்" என்றார். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு மூன்று தடவை முகம் கழுவினேன்.

அதன்பிறகு கேட்க வேண்டுமா? பாசாரில் மீன் வாங்க நின்றால் சபைக்காரப் பெண் ஒருத்தி என் பைக்குள் கையைவிட்டுக் காலுறையை எடுத்து, "இது எத்தன மாசத்துக்கு அக்கா?" என்று சிரித்தாள். "விக்கறதுக்கு" என்றேன். "ஆமா ஆமா" என்று கண்ணைச் சிமிட்டினாள். அந்தச் சிமிட்டலைப் பார்த்தபோது எனக்கு மீன் வாடையைவிட அதிகமாகக் குமட்டியது. என் வீட்டுக்காரர் காதுக்கும் போயிற்று. அவர் கொல்லைப்பக்கம் போய் நின்றார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "பிள்ளையத் திட்டிராத. நெசமா இருந்தாலும் நம்ம பிள்ள" என்றார். அந்த மனுஷனே கொஞ்சம் நம்பிவிட்டார். அதுதான் என்னை உடைத்தது.

மறுநாள் காலையில் ஆயாக் கொட்டகையில் தூளிகளை ஆட்டிக்கொண்டே அழுதேன். குழந்தைகள் தூங்கினார்கள், நான் பேசினேன். இரண்டு காரியம் கேட்டேன். "ஆண்டவரே, இந்த நாற்ற வாய்களை மூடும். என் பிள்ளையைப் பிழைக்க வையும்." முதலாவதைத்தான் அதிக வைராக்கியத்தோடு கேட்டேன் என்று நினைக்கிறேன்.

வாய்கள் மூடவில்லை. தெபோராள் அக்காவின் தங்கை கோத்தா கோலா மூடா என்ற ஊரில் இருந்தாள். விஷயம் 'ஜெபக் குறிப்பாக' அவளுக்குப் போனது. அவளும் அக்காளுக்குச் சளைத்தவள் இல்லை. எஸ்டேட், வேலை, வீடு எல்லாம் சொல்லி, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி ஜெபித்திருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர் சரோஜா மிஸி, அரசாங்கக் கிளினிக்கில் பிரசவம் பார்க்கிற தாதி.

சனிக்கிழமை காலையில் நான் தூக்கோடு கிளம்பிய நேரம், எங்கள் வாசலில் அந்த அம்மாள் வந்து நின்றார். நெற்றியில் திருநீறு, கையில் குடை. யாரென்றே எனக்குத் தெரியாது.

"நான் கிளினிக் மிஸி. ஒங்க மக எங்கம்மா? அந்தப் பிள்ளைய எங்கயாச்சும் கொண்டுபோய்க் கலைக்கிறேன் கிலைக்கிறேன்னு ஆரம்பிச்சுறாதீங்க. அசிங்கமான எடமெல்லாம் இருக்கு. ரெண்டு பிள்ளைங்க என் கையில செத்திருக்கு. அதான் ஓடி வந்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் தூக்கைக் கீழே வைத்துவிட்டேன். "மிஸி, எம் பிள்ள கர்ப்பம் இல்ல! எந்தச் சாக்கட வாய் ஒங்ககிட்டச் சொல்லுச்சு?"

அவர் கோபப்படவில்லை. என்னையே பார்த்தார். "சரி, நம்புறேன். அப்ப என்ன பண்ணுது அவளுக்கு?" என்று கேட்டார். சொன்னேன். வாந்தி, சோறு பிடிக்கவில்லை, எண்ணெய் வாடை ஆகவில்லை, எழுந்து நடக்க முடியவில்லை. அவர் முகம் மாறியது. "ஒன்னுக்கு எந்தக் கலர்ல போகுது?" என்றார். பெற்றவளுக்கு அது தெரியவில்லை. "வாங்க, நானும் வர்றேன்" என்று என் தூக்கை அவரே எடுத்துக்கொண்டார்.

அன்று பெர்ரியில் நான் ஊசியைத் தொடவில்லை.

அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் மிஸி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். நேராக ரூபியின் அறைக்குப் போய் அந்தக் கறுப்புத் துணியைப் பிடித்துக் கிழித்தார். வெயில் உள்ளே விழுந்தது. ரூபியின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"அம்மா, இங்க வந்து பாருங்க."

என் பிள்ளையின் கண் வெள்ளை முழுவதும் மஞ்சள். உள்ளங்கை மஞ்சள். நகம் மஞ்சள். நானே வாரந்தோறும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், அந்த இருட்டில்.

"புள்ளையும் இல்ல, கேஸ்ட்ரிக்கும் இல்ல. காமால. ஈரல் கெட்டுப்போயிருக்கு. எந்திரிம்மா."

"பரீட்ச..." என்றாள் ரூபி.

"உசுரு இருந்தா எழுதலாம்" என்று அவளை அணைத்துத் தூக்கினார் மிஸி. வாசலில் போன டாக்சியை நடுரோட்டில் நின்று மறித்தார்.

பெரியாஸ்பத்திரியில் உடனே படுக்கை கொடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நினைவு தப்பியிருக்கும், அதன்பிறகு எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் சொன்னார். நான் அந்த வராந்தாவிலேயே முழங்காலில் விழுந்தேன். போகிறவர் வருகிறவர் பார்த்தார்கள், பார்க்கட்டும். அங்கேதான் எனக்கு விளங்கியது. நான் கேட்ட முதல் காரியத்தை ஆண்டவர் செய்திருந்தால் இரண்டாவது நடந்திருக்காது. அந்த வாய்களை அவர் மூடியிருந்தால் சரோஜா மிஸி என் வாசலுக்கு வந்திருக்கமாட்டார். குருடனுடைய கண்ணுக்கு எச்சிலையும் சேற்றையும் குழைத்துப் பூசிப் பார்வை கொடுத்தவர் அவர். எனக்கு அருவருப்பாக இருந்ததை அவர் கையில் எடுத்திருக்கிறார். விளங்கியதே தவிர, எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் அவரிடமே சொன்னேன்.

வார்டில் பிழிந்த கரும்புச்சாறும் கஞ்சியுமாக நாட்கள் போயின. ரூபியின் கண் மெல்ல வெளுத்தது. அவள் கட்டிலிலேயே புத்தகத்தை விரித்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து தொப்பிகளைப் பின்னி முடித்தேன். பார்க்க வந்தவர்கள் கேட்டால், "மாதர் சங்க விற்பனைக்கு" என்று வார்டுக்கே கேட்கும்படி சொன்னேன். பரீட்சைக்கு அவளை ஒரு தோழி மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோனாள். எழுதினாள். எல்லாப் பாடத்திலும் தேறினாள். அங்கி போட்டுக்கொண்டு அவள் மேடையேறியபோது எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் சரோஜா மிஸி. "நான் முருகனுக்கு ஒரு அர்ச்சன வச்சிருந்தேன்" என்றார். அந்த அம்மாளை அனுப்பியவர் யாரென்று எனக்குத் தெரியும். சண்டை போடவில்லை. இப்போது ரூபி அலோர் ஸ்டாரில் ஆசிரியை. அங்கேயே மெர்கோங்கில் வீடு. சிங்கில் ஒரு எச்சில் தட்டு கிடக்காது.

ரூபி தேறியதற்கு நாங்கள் ஸ்தோத்திர ஆராதனை வைத்தோம். தெபோராள் அக்கா முதல் ஆளாக எழுந்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "அன்னைக்கு எங்க வீட்ல நான் முழங்காலில் நின்னு ஜெபிச்சேன், ஆண்டவர் கேட்டார்" என்றார். சபை ஆமென் சொன்னது. ஆனால் பாருங்கள், அதில் பொய் எதுவும் இல்லையே! நானும் ஆமென் சொன்னேன். சொல்லி முடித்ததும் வாய் கசந்தது.

அன்றிலிருந்து நான் யாருக்காக ஜெபித்தாலும் பெயரை மனதுக்குள்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் கூட்டம் நடந்தால் விண்ணப்பத்தை வெளியே சொல்லும் வழக்கமே கிடையாது. கண்ணை மூடு, நீயே அவரிடம் சொல், அவ்வளவுதான். உங்களில் யாராவது என்னைப் போல் நடுங்கிக்கொண்டிருந்தால் தைரியமாகக் கேளுங்கள். அவர் உதவி அனுப்புவார். எந்த வழியில், யார் வாய் வழியாக என்று மட்டும் கட்டளை போடாதீர்கள். நான் போட்டுப் பார்த்தேன்.

தெபோராள் அக்காவை மன்னித்துவிட்டேன் என்றுதான் உங்களுக்கு எழுத ஆசை. வழியில் பார்த்தால் சிரிக்கிறேன். பிறந்தநாளுக்குப் பலகாரம் கொடுத்து அனுப்புகிறேன். ஆனால் இன்றைக்கும் அவர் வீட்டுக் காப்பி ஒரு மடக்கு எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை. இதையும் ஆண்டவர் மாற்றுவார் என்று நம்புகிறேன். நீங்களும் எனக்காக ஜெபியுங்கள்.

சத்தமாக வேண்டாம்.